ஜாடை தெரியாத வேலைக்காரியும் 84 வயது எஜமானியும்

நெவாட்டிம், இஸ்ரேல்
18.10.2022

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் தம்பி குடும்பமும் நலமென்று வாட்ஸ்அப்பில் பார்த்த முகங்களே சொல்லின. அப்புறம் எதற்குக் கடிதம் என்பீர்கள். வாய்ஸ் மெசேஜ் போட்டால் மூன்றாவது நிமிஷம் நீங்கள் குறட்டை விடுவதாகப் பாப்பா சொல்கிறாள். கடிதமென்றால் கிரயப் பத்திரம் மாதிரி மடித்து டிரங்குப் பெட்டியில் வைப்பீர்கள். கண் ஆபரேஷன் ஆன ஆள் என்பதால் பாப்பாதான் வாசிக்கப் போகிறாள். பாப்பா, அத்தை எழுதியதை அப்படியே வாசி. ஒரே ஒரு இடத்தை மட்டும் தாத்தா வெற்றிலை போட்டு முடித்த பிறகு வாசி. எந்த இடமென்று வரும்போது உனக்கே தெரியும்.

நான் இஸ்ரேலில் இருப்பதாகக் கடைத்தெருவில் சொன்னால், இயேசு பிறந்த இடத்துக்குப் பக்கமா என்று கேட்கிறார்களாமே. பக்கமெல்லாம் இல்லை. இது தெற்கே நேகேவ் பாலைவனம். பேர்ஷேபா டவுனிலிருந்து பஸ் பிடித்து வரவேண்டிய கிராமம். 1946-ல் உண்டான ஊர். 1954-லிருந்து இங்கே குடியேறியவர்கள் கொச்சி யூதர்கள். ஆமாம், நம்ம கொச்சிதான். தெருவில் வயதானவர்கள் மலையாளம் பேசுகிறார்கள், பேரப்பிள்ளைகள் ஹீப்ருவில் பதில் சொல்கிறார்கள். எறணாகுளம் ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் நான் கற்றுக்கொண்ட மலையாளம் இந்தப் பாலைவனத்தில் சோறு போடுமென்று எந்த ஜோசியக்காரன் சொன்னான்?

நான் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கு 84 வயது. பறவூரில் பிறந்து பதினாறு வயதில் கப்பலேறி வந்தவர். பாட்டிக்கு இங்கே சவ்தா என்று பேர். நானும் அப்படியே கூப்பிடுகிறேன். அவர் என்னை "மோளே" என்கிறார். வந்த முதல் நாள் ஊர் எது என்று கேட்டார். பட்டுக்கோட்டை என்றேன். "பட்டு நெய்வாங்களோ அவிடெ?" என்றார். பட்டு இல்லை சவ்தா, தென்னந்தோப்பு உண்டு, நாடியம்மன் உண்டு, 29 வயதிலே செத்துப்போன பெரிய பாட்டுக்காரர் ஒருத்தர் உண்டு என்றேன். தென்னந்தோப்பு என்றதும் முகம் மலர்ந்தது. பாட்டுக்காரரைப் பற்றி இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அம்மா கேட்டாளே, அந்த வீட்டில் சாமி அறை எங்கே இருக்கிறது என்று. சாமி அறை இல்லை, அம்மா. விக்கிரகமும் இல்லை, படமும் இல்லை. ஆனால் சாமி இல்லாத இடம் என்று ஒரு சுவிட்ச் கூட இந்த வீட்டில் கிடையாது. சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை நமக்கும் வீடு மெழுகி விளக்கேற்றுகிற நாள். இங்கேயும் அதே. மத்தியானத்துக்குள் தரை துடைத்து, சமைத்து, குளித்து முடிக்கவேண்டும். சூரியன் மறைய 18 நிமிஷம் இருக்கும்போது சவ்தா விளக்கை ஏற்றி, இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுப்பார். அவ்வளவுதான், சனிக்கிழமை இரவு வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிகிறவரை இந்த வீட்டில் யாரும் வேலை செய்யக்கூடாது. வேலை என்றால் நம்ம கணக்கில் வேலை இல்லை. அடுப்பு பற்றவைக்கக்கூடாது, விளக்கு போடக்கூடாது, போனைத் தொடக்கூடாது, பேனா எடுக்கக்கூடாது. ஃபிரிட்ஜைத் திறந்தால் உள்ளே பல்பு எரியுமே, அதற்காக வெள்ளிக்கிழமையே பல்பைக் கழற்றிவிடுவார்கள். கக்கூஸ் காகிதத்தைக்கூட முதல் நாளே கிழித்து அடுக்கிவைக்கிறார்கள். நான் வந்த புதிதில், பாவம் பாட்டிக்கு மனசு சரியில்லை போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

நான் யூதச்சி இல்லை என்பதால் எனக்கு இந்தத் தடையெல்லாம் இல்லை. ஆனால் எனக்காக லைட்டைப் போடு என்று அவர் என்னிடம் வாய்விட்டுச் சொல்லவும் கூடாது. ஜாடையாகத்தான் சொல்லலாம். இது எனக்குத் தெரியாது. முதல் வெள்ளிக்கிழமை ராத்திரி படுத்துக்கொண்டு, "மோளே, இந்த ரூமிலே நல்ல வெளிச்சம்" என்றார். "ஆமாம் சவ்தா, நல்ல வெளிச்சம்" என்று சொல்லிவிட்டு நான் போய்ப் படுத்துக்கொண்டேன். காலையில் பார்த்தால் கண் இரண்டும் கோவைப்பழம். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. அடுத்த வாரம் "என்ன சூடு, என்ன சூடு" என்றார். பாலைவனத்தில் சூடு இல்லாமல் பனியா பெய்யும் என்றேன். ஏ.சி. போடச் சொல்கிறார் என்று மூன்று வாரம் கழித்துத்தான் உறைத்தது. நம் வீட்டில் மாமியார்கள் பேசுகிற பாஷை இது; எனக்கு இன்னும் சீக்கிரம் புரிந்திருக்கவேண்டும்.

செய்யக்கூடாத வேலைகள் மொத்தம் 39 என்று ஒரு பட்டியலே இருக்கிறது. அப்பா, உட்கார்ந்து கேளுங்கள். உழுவது, விதைப்பது, அறுப்பது, கட்டுக் கட்டுவது, போரடிப்பது, தூற்றுவது, பொறுக்கிப் பிரிப்பது, அரைப்பது, சலிப்பது, பிசைவது, சுடுவது. பட்டியல் இப்படித்தான் தொடங்குகிறது. சவ்தாவின் மகன் சொல்லச்சொல்ல எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது எங்கப்பாவின் சம்பா சாகுபடி, வரிசைகூட மாறவில்லை என்றேன். ரொட்டி உண்டாகிற கதைதான் அந்தப் பட்டியலின் முதல் பகுதியாம். நீங்கள் ஐம்பது வருஷம் ஓய்வில்லாமல் செய்ததையெல்லாம் வரிசையாக எழுதி, வாரத்தில் ஒருநாள் இது எதையும் செய்யாதே என்று சொல்கிற ஒரு வேதத்தை நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

வாரத்துக்கு ஒருநாள் மட்டுமா? ஏழு வருஷத்துக்கு ஒரு வருஷம் நிலத்துக்கும் ஓய்வு. ஷ்மிட்டா என்று பெயர். போன செப்டம்பரில் தொடங்கி இந்த செப்டம்பரில்தான் முடிந்தது. அந்த வருஷம் யூதன் தன் நிலத்தில் விதைக்கக்கூடாது. தானாக முளைத்ததை யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும்: "ஒரு வருஷம் சும்மா போட்டா சொசைட்டிக் கடனை எவன் கட்டுறது?" அதே கேள்வியை இங்கேயும் கேட்டிருக்கிறார்கள். அதனால் பல பேர் அந்த ஒரு வருஷத்துக்கு நிலத்தை யூதர் அல்லாத ஒருத்தருக்குக் காகிதத்தில் விற்றுவிட்டு, சாகுபடியை நடத்திவிட்டு, அப்புறம் திருப்பி வாங்கிக்கொள்கிறார்கள். இதை ஒத்துக்கொள்ளாத ரப்பிகளும், அதாவது யூத குருமார்களும் உண்டு, சண்டையும் உண்டு. நமக்கு இந்தத் தொல்லையே இல்லை. 2012-லிருந்து 2019 வரை எட்டு வருஷம் ஜூன் 12-ல் மேட்டூரைத் திறக்காமல் காவிரியே நமக்கு ஷ்மிட்டா கொடுத்துவிட்டாள். இந்த வருஷம் மே 24-லேயே திறந்துவிட்டார்கள் என்றதும் சவ்தா கைதட்டினார். கடைமடைக்கு எப்போது வந்தது என்று கேட்டார் பாருங்கள், அதுதான் கேள்வி! பாலைவனத்தில் விவசாயம் பார்த்த பொம்பளை என்பது அங்கே தெரிந்தது.

இனி அடுப்பங்கரை. பாலும் கறியும் ஒரு சட்டியில் சேரக்கூடாது, ஒரு மேஜையில் ஒன்றாக வரக்கூடாது. பால் பாத்திரங்களுக்கு நீல ஸ்டிக்கர், கறிப் பாத்திரங்களுக்குச் சிவப்பு. இரண்டு தேய்ப்பான், இரண்டு தொட்டி. மீனென்றால் செதிலும் துடுப்பும் இருக்கவேண்டும். அதனால் நண்டு, இறால், சுறா, கெளுத்தி எதுவும் வாசல் தாண்டாது. மல்லிப்பட்டினத்து இறாலை நினைத்து நான் எத்தனை ராத்திரி பெருமூச்சு விட்டிருக்கிறேன் என்று அந்த எட்டாத சாமிக்கே தெரியும். ஆனால் ஒரு பெரிய ஆறுதல்: தேங்காய்ப்பால் பால் கணக்கில் சேராது! கொச்சிக்காரர்கள் கோழிக்கறியில் தேங்காய்ப்பாலைத் தாராளமாக ஊற்றுகிறார்கள். உலகத்திலே எத்தனையோ யூதர்கள் இருக்கலாம். கறிக்குழம்பு வைக்கத் தெரிந்தவர்கள் தென்னை வளர்கிற கரையில் இருந்தவர்கள்தான் என்று நான் இங்கே எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

ஒருநாள் அவசரத்தில் நீல ஸ்டிக்கர் கரண்டியைக் கோழிக்குழம்பில் விட்டுக் கிண்டிவிட்டேன். சவ்தா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் எழுந்துவிட்டது. உடனே ரப்பிக்குப் போன். அவர் திட்டவில்லை, டாக்டர் மாதிரி விசாரித்தார். குழம்பு கொதித்துக்கொண்டிருந்ததா? கரண்டி கடைசியாகச் சூடான பாலைத் தொட்டு 24 மணி நேரம் ஆகிவிட்டதா? குழம்பு எவ்வளவு, கரண்டியின் அறுபது மடங்கு இருக்குமா? கரண்டி பாலைத் தொட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. தீர்ப்பு வந்தது: குழம்பு நிரபராதி, சாப்பிடலாம். கரண்டிக்கு மட்டும் கொதிக்கிற தண்ணீரில் முங்கி எழுகிற பிராயச்சித்தம். எனக்கு என்ன தண்டனை என்று கேட்டேன். ரப்பி போனிலேயே சிரித்துவிட்டார். சவ்தா சிரிக்கவில்லை. என்னைக் கண்டபடி பேசினார். நானும் தமிழில் இரண்டு சொன்னேன், அவருக்குப் புரியாது என்ற தைரியத்தில். மலையாளம் பேசுகிறவருக்கு அது புரியாமல் போகுமா?

எதற்கெடுத்தாலும் ஒரு ஸ்தோத்திரம் சொல்கிறார்கள், அப்பா. ஒரு நாளைக்கு நூறு சொல்லவேண்டுமென்று வழக்கம். தண்ணீர் குடித்தால், பழம் தின்றால், மின்னல் பார்த்தால், வானவில் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. கக்கூஸ் போய்விட்டு வந்து கை கழுவிக்கொண்டு அதற்கும் ஒன்று! உடம்பில் திறக்கவேண்டிய ஓட்டைகள் திறந்து, மூடவேண்டியவை மூடியிருப்பதற்கு நன்றி என்று அர்த்தம். கேட்டபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் நீங்கள் ஹெர்னியா ஆபரேஷனுக்குப் பிறகு நான்காம் நாள் ஆஸ்பத்திரி பாத்ரூமிலிருந்து வெளியே வந்து "முருகா" என்று சொன்னது ஞாபகம் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்கு ஒரு மனக்குறை மட்டும் உண்டு. கோதுமை ரொட்டி தின்பதற்கு முன்னால் கையில் முறைப்படி தண்ணீர் ஊற்றிக் கழுவி, பெரிய ஸ்தோத்திரம் சொல்கிறார்கள். சாப்பிட்டு முடித்த பிறகு பக்கம் பக்கமாக இன்னொன்று. சோற்றுக்கு இரண்டு பக்கமும் குட்டிக் குட்டியாக முடித்துவிடுகிறார்கள். பஸ்கா பண்டிகையில் இன்னும் மோசம்: ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களில் பலர் அந்த வாரம் அரிசியைத் தொடுவதே இல்லை. மற்ற சிலர் மூன்று தடவை பொறுக்கிப் பார்த்துச் சமைக்கிறார்கள். தஞ்சாவூர் ஜில்லாக்காரி முன்னால் இதைச் செய்யலாமா? அரிசிக்கு ஹீப்ருவில் ஓரெஸ் என்று பேர். அந்தச் சொல்லே நம்ம அரிசியிலிருந்து கிரேக்கம் வழியாகப் போனது என்று சொல்கிறவர்கள் உண்டு. மயிலுக்கு அவர்கள் பைபிளில் துக்கி என்று இருக்கிறதாம். அது தோகை என்று கால்டுவெல் எழுதியிருக்கிறார். இப்போது துக்கி என்றால் கிளி. இரண்டாயிரத்துச் சொச்சம் வருஷத்தில் மயில் கிளியாகிவிட்டது, போகட்டும். அரிசியை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பஸ்கா என்றதும் ஒன்று. அது நம்ம போகிதான். வீட்டில் ஒரு துணுக்கு புளித்த மாவு இருக்கக்கூடாதென்று மெழுகுவத்தியும் இறகுமாக ராத்திரி மூலை மூலையாகத் தேடி, காலையில் எரிப்பார்கள். எரிக்க முடியாத அளவு சரக்கு வைத்திருக்கும் கடைக்காரர்களுக்காக, அபு கோஷ் என்ற ஊர் அரபுக்காரர் ஒருத்தருக்குத் தேசத்தின் மாவுச் சரக்கையெல்லாம் பத்திரம் எழுதி விற்று, பண்டிகை முடிந்ததும் திருப்பி வாங்குகிறார்கள். ஒரு வாரம் ஒரு நாட்டின் பிஸ்கட்டுக்கெல்லாம் அவர்தான் முதலாளி. நம்ம பக்கத்துப் பினாமிகள் இதைக் கேட்டால் நன்றாகத் தூங்குவார்கள்.

இப்போது இந்த ஒரு மாசக் கூத்துக்கு வருகிறேன். செப்டம்பர் 25 மகாளய அமாவாசைக்கு நீங்கள் வேதாரண்யம் போய்த் தர்ப்பணம் கொடுத்தீர்களே, அன்றைக்குச் சாயங்காலம் இவர்களுக்குப் புது வருஷம் பிறந்தது. 5783. இவர்களும் சந்திரனைப் பார்த்துத்தான் மாசம் எண்ணுகிறார்கள். நம் அதிக மாசம் போல 19 வருஷத்தில் ஏழு தடவை ஒரு மாசத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள். உங்கள் பாம்புப் பஞ்சாங்கத்தை இங்கே கொண்டுவந்திருந்தால் எனக்கு மரியாதை கூடியிருக்கும். அமாவாசை கழித்துப் பத்தாம் நாள், நமக்கு விஜயதசமி, இவர்களுக்கு யோம் கிப்பூர் என்ற பாவமன்னிப்பு நாள்.

முதல் நாள் அங்கே ஆயுத பூஜை. தம்பி அனுப்பிய படத்தில் டிராக்டருக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, டயருக்கடியில் எலுமிச்சம்பழம். அன்றைக்குச் சாயங்காலம் இந்த நாட்டில் ஒரு வண்டி ஓடவில்லை. பஸ் இல்லை, ரயில் இல்லை, விமானம் இல்லை, டிவியில்கூட ஒன்றுமில்லை. பெரிய ரோட்டில் பிள்ளைகள் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தார்கள். 25 மணி நேரம் பச்சைத்தண்ணீர் கூடக் குடிக்காமல், தோல் செருப்பு போடாமல், வெள்ளை உடுத்திக்கொண்டு ஜெப ஆலயத்தில் நிற்கிறார்கள். சவ்தாவுக்குச் சர்க்கரை வியாதி. பட்டினி கிடந்தால் நேரே ஆஸ்பத்திரிதான். டாக்டரும் ரப்பியும் சேர்ந்து வழி சொன்னார்கள்: ஒரு வாய் அளவுக்கும் குறைவாக, ஒன்பது நிமிஷத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். இருமல் மருந்து மூடியில் அளந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நான் நிற்கிறேன். சத்துணவுக் கூடத்து முட்டை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருக்கிறார். விரதத்தை உடைத்த பாவத்துக்கு அழுகிறார். இதுவும் விரதந்தான் சவ்தா, ஒன்பது நிமிஷம் காத்திருப்பது மட்டும் லேசா என்றேன். கொஞ்சம் சமாதானமானார்.

பாப்பா, தாத்தா வெற்றிலை போட்டாச்சா?

யோம் கிப்பூருக்கு முதல் நாள் மனுஷர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிடவேண்டும். சாமிக்குச் செய்த குற்றத்தைத்தான் சாமி மன்னிப்பார். மனுஷனுக்குச் செய்ததை அந்த மனுஷன்தான் மன்னிக்கவேண்டும் என்பது இவர்கள் சட்டம். நான் சமையலறையில் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தேன். சவ்தா நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். "மோளே, அந்தக் கரண்டி நாள்ல நான் உன்னைப் பேசினது தப்பு. க்ஷமிக்கணும்" என்றார். 84 வயது. சம்பளம் கொடுக்கிறவர். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நம் வீட்டில் பெரியவர்கள் சின்னவர்களிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. தப்பு என்று தெரிந்தால் அன்றைக்குக் கூடுதலாக ஒரு வடை வைப்பார்கள், அவ்வளவுதான். நானும் தமிழில் திட்டினதற்கு மன்னிப்புக் கேட்டேன். "கேட்டேன், கேட்டேன். பாதி மனசிலாயி" என்றார்.

அந்தச் சூட்டிலேயே உங்களிடமும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் கிளம்பும்போது ஏஜென்டுக்குக் கொடுத்த பணம் சிநேகிதி கைமாற்றாகக் கொடுத்தது என்று சொன்னேனே, பொய். அம்மா போட்ட ஐந்து பவுன் செயினை அடகு வைத்தேன். வீடியோ காலில் கழுத்தில் நீங்கள் பார்ப்பது கவரிங். போன மாசம்தான் மீட்டேன். செயின் பத்திரமாக இருக்கிறது. பொய்தான் இத்தனை நாள் கழுத்தில் கிடந்தது. மன்னித்துவிடுங்கள். பாப்பா, தண்ணீர் கொடு தாத்தாவுக்கு.

பௌர்ணமியன்று கூடாரப் பண்டிகை. ஏழு நாள் வீட்டை விட்டு முற்றத்தில் ஒரு கொட்டகை போட்டு அதில்தான் சாப்பாடு. நாற்பது வருஷம் வனாந்தரத்தில் அலைந்த ஞாபகத்துக்காக. கூரை தழையாகத்தான் இருக்கவேண்டும், நிழல் வெயிலைவிட அதிகமாக இருக்கவேண்டும், நட்சத்திரமும் தெரியவேண்டும். மழை பெய்தால் எப்போது எழுந்து உள்ளே போகலாம் என்றுகூடப் பழைய நூலில் இருக்கிறது: கூழ் கெட்டுப்போகிற அளவு ஒழுகினால் போகலாம். கொச்சியில் தென்னங்கீற்று முடைந்து போட்டோம் என்று சவ்தா சொன்னார். இங்கே பேரீச்ச மட்டை. அதைப் பார்த்ததும் எனக்குக் கஜா புயல்தான் ஞாபகம் வந்தது. 2018 நவம்பர் 16. அறுபது மரத்தில் நான்கு நின்றது. இரண்டு மாசம் தார்ப்பாய்க்கடியில் நாமும் நட்சத்திரம் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டோம், அதற்கு யாரும் பண்டிகை என்று பேர் வைக்கவில்லை. சவ்தாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கொட்டகையில் எனக்கென்று ஒரு நாற்காலி போடச் சொன்னார் மகனிடம். தினம் ஒரு முன்னோர் கண்ணுக்குத் தெரியாமல் விருந்துக்கு வருவார்களாம், ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு என்று. அவர்களுக்குப் பக்கத்தில் நான்.

அந்தப் பண்டிகைக்கு நம் நார்த்தங்காய் மாதிரி ஒரு காய் வேண்டும், எத்ரோக் என்று பேர். பெண் பார்க்கிற மாதிரி பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறார்கள். ஒரு கரும்புள்ளி இருந்தால் தள்ளுபடி. ஏழு நாளும் பஞ்சில் பொத்திவைத்துக் காப்பாற்றினார்கள். எட்டாம் நாள் எனக்குக் கொடுத்துவிட்டார்கள். உப்புப் போட்டு ஊறவைத்திருக்கிறேன்.

சாயங்காலங்களில் ஊர்க் கிழவிகள் கொட்டகையில் கூடிப் பாடினார்கள். எல்லாம் மலையாளப் பாட்டு. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் நோட்டில் எழுதிக் காப்பாற்றியது. சவ்தாவின் நோட்டு அவர் அம்மாவுடையது, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது, எண்ணெய்க் கறை. அன்றைக்குப் பெருமையும் பேசினார்: "எங்களுக்கு ராஜா செப்பேடு கொடுத்தது உங்க ராஜராஜன் காலத்திலே!" உண்மைதான். சேர ராஜா பாஸ்கர ரவி, இசுப்பு இரப்பான் என்ற யூத வியாபாரிக்கு 72 உரிமைகள் கொடுத்து வட்டெழுத்தில் வெட்டின செப்பேடு, ஏறக்குறைய ஆயிரமாவது வருஷத்தது. பல்லக்கு, குடை, பகல் விளக்கு எல்லாம் அதில் சேர்த்தி. அப்போது தஞ்சாவூரில் பெரிய கோயில் கட்டி முடியவில்லை. அதன் நகலைத்தான் 2017-ல் நம் பிரதமர் இங்கே கொண்டுவந்து கொடுத்தார். ஆயிரம் வருஷம் பல்லக்கு உரிமையோடு இருந்துவிட்டு எதற்கு இந்தப் பாலைவனத்துக்கு வந்தீர்கள் என்று கேட்டேன். "தினமும் மூணு நேரம் ஜெருசலேம் போகணும்னு பிரார்த்திச்சோம். கப்பல் வந்தா போகாம இருக்க முடியுமோ?" என்றார். வந்த பிறகு தினமும் மூன்று நேரம் பறவூர்ப் புழையை நினைக்கிறார். அது தனிக் கதை.

நேற்று கடைசிப் பண்டிகை. தோரா என்ற வேதச் சுருளைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் ஆடினார்கள். அதற்கு நடுவே மழைக்கான பிரார்த்தனை. ஐப்பசி பிறக்கிற நேரத்துக்குச் சரியாக! "காற்றை வீசச்செய்து மழையை இறக்குகிறவர்" என்று நேற்றிலிருந்து சாமியைப் புகழ்கிறார்கள். ஆனால் "மழை தா" என்று இன்னும் கேட்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, அக்டோபர் 31 ராத்திரிதான் கேட்பார்களாம். ஏன் என்று சவ்தாவின் மகனிடம் கேட்டேன். பழைய காலத்தில் பண்டிகைக்கு ஜெருசலேம் வந்த ஜனங்கள் நடந்தே ஊர் திரும்பவேண்டும். தூரத்து ஆள் யூப்ரடீஸ் நதிக்கரை சேர 15 நாள் ஆகும். அந்தக் கடைசி ஆள் நனையாமல் வீடு போய்ச் சேரட்டும் என்று மற்ற எல்லாரும் மழை கேட்காமல் காத்திருப்பார்கள். ஜெருசலேம் கோயில் இடிந்து இரண்டாயிரம் வருஷம் ஆகப்போகிறது, நடந்து வருகிறவனும் இல்லை, ஆனாலும் இன்றைக்கும் காத்திருக்கிறார்கள். நான் வேலையெல்லாம் முடித்துவிட்டு ராத்திரி வாசல்படியில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கடிதத்தைக் கோட்டயத்து நர்ஸ் ஒருத்தி தீபாவளிக்கு முன்னால் கொச்சியில் தபாலில் போடுவாள். எனக்கு லீவு தை மாசம்தான். அங்கே வடகிழக்குப் பருவமழை யாருக்காகவும் காத்திருக்காது. கொல்லைக் கொட்டகைத் தார்ப்பாயை இந்த வாரமே மாற்றிவிடுங்கள். அதற்குத் தனியாகப் பணம் போட்டிருக்கிறேன். தயவுசெய்து அதை உரக்கடையில் கொடுத்துவிடாதீர்கள்.

அன்பு மகள்